கதையில் இல்லாத கஞ்சி

யூசுப்புக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அதில் மீரா சாகிபுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை வெளியே காட்டியிருந்தால் கம்பெனிக்காரர்கள் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்கள்.

பாவம், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. சீனி முகம்மதுவின் பங்சாவான் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து அவருக்குக் கோமாளி வேஷம்தான். பங்சாவான் என்றால் பாட்டும் கூத்தும் சண்டையும் சிரிப்புமாக மலாயில் ஆடும் நாடகம். பினாங்கில் அந்தக் காலத்தில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோருக்கும் அதில் ஒரே கிறுக்கு. ராஜாவுக்கு ஒருவன், ஜின்னுக்கு ஒருவன், காதலனுக்கு ஒருவன் என்று ஆள் பிரித்துவிட்டால் பிறகு மாற்ற மாட்டார்கள். யூசுப் காதலன். நல்ல சிவப்பு, நெற்றியில் புரளும் சுருட்டை முடி, குரல் என்றால் குரல். மீரா சாகிபுக்கு முன்பல் நீட்டல். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே காலரியில் சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பல்லே அவரைக் கோமாளியாக்கிவிட்டது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், கம்பெனியின் கதாநாயகி ரொஸ்னா அவருடைய சொந்த மனைவி. நிக்காஹ் ஆகிப் பத்து வருஷத்துக்கு மேல். பிள்ளை இல்லை. கம்போங் கோலாமில் ஒரு கடை வீட்டு மாடியறையில் குடித்தனம். பகலெல்லாம் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து உடுப்புகளில் பாசிமணி கோப்பாள். அவர் பக்கத்தில் இருந்து ஊசிக்கு நூல் போட்டுக் கொடுப்பார். தமிழ் தகப்பனுக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்தவள் அவள். சிரித்தால் கன்னத்தில் குழி விழும். அந்தக் குழியைப் பார்த்துவிட்டு ஊசியைத் தன் விரலில் குத்திக்கொள்கிற புருஷன்தான் அவரும். ஆனால் பொழுது சாய்ந்து காஸ் விளக்கு ஏற்றியதும் அவள் யூசுப்பின் காதலி. இவர் மூக்கில் கரியைத் தடவிக்கொண்டு, இரண்டு பேருக்கும் நடுவில் தூது போகிற வேலைக்காரன். பத்து வருஷமாகத் தன் பெண்டாட்டியின் காதலை இன்னொருவனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற உத்தியோகம்.

அன்றைக்கு ஆட வேண்டியிருந்தது ஜொஹாரா நாடகம். ஊரே மனப்பாடமாக வைத்திருந்த சிரிப்பு நாடகம் அது. ஜமால் என்கிற வியாபாரிக்குத் தன் மனைவி ஜொஹாராவின் மேல் சந்தேகம். பக்கத்து வீட்டு வாலிபனோடு இணைத்து நினைத்து, கோபத்தில் முத்தலாக் சொல்லிவிடுகிறான். பிறகு அழுகிறான். சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது. அவள் வேறொருவனுக்கு வாழ்க்கைப்பட்டு, அவனும் விட்டால்தான் பழைய புருஷனிடம் திரும்பி வரலாம். மலாய்க்காரர்கள் அந்த இடைப்புருஷனைச் சீனாபுத்தா என்பார்கள். ஜமால் தன் முட்டாள் வேலைக்காரன் ஹித்தாமையே அதற்குப் பிடித்து வைக்கிறான். அவனோ கட்டிய பிறகு விடமாட்டேன் என்கிறான். அப்புறம் என்ன, துரத்தலும் ஒளிதலும்தான். கடைசியில் ஹித்தாம் மனமிரங்கி அவளை விடுவான். ஜமாலுக்கு ஜொஹாரா, பக்கத்து வீட்டானுக்கு அவள் தங்கை, ஹித்தாமுக்குச் சமையல்காரி என்று மூன்று கல்யாணத்தோடு திரை விழும். ஒருவருக்கும் ஜோடி இல்லாமல் போகாது.

"யூசுப் எந்திரிக்க மாட்டான் போலருக்கு. ஜமாலுக்கு இன்னைக்கு நீ நில்லு, மீரா" என்றார் முதலாளி சீனி முகம்மது. "ஹித்தாம ஜின்னுக்காரன் பாத்துக்குவான்."

"நான் நின்னா சிரிப்பாங்களே, தவுக்கே" என்றார் இவர் முதலாளியிடம்.

"சிரிக்கத்தானே வர்றாங்க. நில்லுலா."

இதற்காகத்தான் பத்து வருஷம் காத்திருந்தவர், வீட்டுக்குப் பறந்து போனார். ரொஸ்னாவிடம் சொல்ல வேண்டும், அவள் கன்னத்தில் குழி விழுவதைப் பார்க்க வேண்டும் என்று இரண்டிரண்டு படியாக ஏறினார். அவள் அடுப்படியில் இருந்தாள். கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. இஞ்சி தட்டிப்போட்டு, பொரித்த கெம்போங் மீனை ஆற வைத்து, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுச் சதையை மட்டும் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு?"

"யூசுப்புக்குத்தான். அந்தப் புள்ளைக்கு இங்க யாரு இருக்கா, மச்சான்? நேத்திலருந்து பச்சத்தண்ணிகூட இறங்கலையாம். ரிக்‌ஷாக்காரன்ட்டக் குடுத்துவிடலாம்னு."

அவருடைய தூக்குச் சட்டியில்தான் ஊற்றிக் கொடுத்தனுப்பினாள். பிறகு அவருக்குச் சோறு போட்டாள். அதே மீன்தான், ஆனால் முள்ளோடு. அவசரத்தில் விழுங்கினவருக்குத் தொண்டையில் ஒரு முள் மாட்டிக்கொண்டது. வெறும் சோற்றை உருட்டி விழுங்கினார். இறங்கினதுபோல் இருந்தது, இறங்காததுபோலவும் இருந்தது. ஜமால் வேஷம் கிடைத்த செய்தியைச் சொன்னார். "அப்படியா! நல்லதாப் போச்சு" என்றாள். உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் சொன்னாள். ஆனால் அவருக்குத் தொண்டையில் முள் இருந்ததே, என்ன செய்வது?

பங்சாவானில் வசனம் எழுதி வைக்கிற வழக்கம் கிடையாது. கதையை முதலாளி சொல்லிவிடுவார். யார் எப்போது உள்ளே வரவேண்டும், எந்தப் பாட்டு எந்த இடத்தில் என்பது மட்டும் கணக்கு. வாயில் வருவதெல்லாம் அவரவர் பாடு. யூசுப் என்றால் அந்தச் சண்டைக் காட்சியில் நிலாவென்றும் மல்லிகையென்றும் நாலு அலங்காரம் சொல்லி, நெஞ்சில் கைவைத்து, தலாக்கையே ஒரு பாட்டுபோலச் சொல்லிவிட்டுப் போவான்.

மீரா சாகிப் பட்டுச் சட்டையும் தலைப்பாகையுமாக வந்து நின்றதும் கொட்டகை குலுங்கியது. கொஞ்ச நேரம்தான். இந்த மனுஷனிடம் என்னமோ வேறாக இருக்கிறது என்று சிரிப்பு மெல்ல அடங்கியது. அவருக்கு நிலாவும் வரவில்லை, மல்லிகையும் வரவில்லை.

"எனக்கு முள்ளோடு மீன். அவனுக்கு இஞ்சி தட்டிப் போட்ட கஞ்சி. ஒவ்வொரு முள்ளாக எடுத்தாயே, என் தட்டுக்கு வரும்போது உன் விரலுக்கு என்ன நோய்?" என்றார் மலாயில்.

ஜொஹாராவாக நின்றவள் திகைத்தாள். காலில் விழுந்து பாட வேண்டிய இடம் அது. பாடவில்லை. "அவருக்குக் காய்ச்சல்" என்றாள், மெதுவாக.

அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் கெட்டது. பத்து வருஷம் தூது போனதெல்லாம் அவருக்குத் தொண்டையில் திரண்டு வந்தது. "ரொஸ்னா! உன்னை முத்தலாக் விட்டேன்! போ!" என்று கத்தினார்.

 கொட்டகையில் சிரிப்பு வெடித்தது பாருங்கள்! அவர்கள் நிஜப் புருஷன் பெண்டாட்டி என்பது ஊரறிந்த சங்கதி. கோமாளி வேண்டுமென்றே பெண்டாட்டி பேரைச் சொல்லி விளையாடிவிட்டான் என்று காலரியில் பெஞ்சின் மேல் ஏறிநின்று கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் அவர் மிதந்தார். தான் சொன்னது எந்தப் பெயர் என்பதுகூட அவர் காதில் ஏறவில்லை. கடைசிக் கல்யாணக் காட்சியில் அவள் கையைப் பிடிக்கப் போனார். அவள் கையைத் தரவில்லை. சால்வையின் முனையை நீட்டினாள். அதுவும் ஒரு நயம்தான் என்று நினைத்து, அதைப் பிடித்துக்கொண்டே பாடி முடித்தார்.

திரை விழுந்ததும், "ராத்தா வீட்டுக்குப் போறேன்" என்று யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு, முகத்துச் சாயத்தைக்கூடக் கழுவாமல் ரொஸ்னா ரிக்‌ஷா ஏறிவிட்டாள். கஞ்சிப் பேச்சுக்குக் கோபம், விடிந்தால் சரியாகிவிடும் என்று இவர் வீட்டுக்குப் போய்ப் படுத்து நன்றாகத் தூங்கினார். தூங்கினார் என்பதைத்தான் பிற்காலத்தில் அவரால் தாங்கவே முடியவில்லை.

காலையில் நாசி கண்டார் சோற்றுக்கடைக்குப் போனார். சோற்றுக் கூடைகள் தொங்கும் தோள் காவடியை இறக்கி வைத்துச் சோறு அள்ளிக்கொண்டிருந்த கடைக்காரன் அகப்பையை உயர்த்தினான்.

"வாங்கண்ணே, வாங்க! பொஞ்சாதிய மேடைலயே தள்ளிவச்ச மாப்ள! என்ன ஆட்டம், என்ன ஆட்டம்!"

"ஜமால் ஜொஹாராவத் தள்ளி வச்சான். நான் என்னத்தச் செஞ்சேன்?"

"ஜொஹாராவா? ரொஸ்னான்னுல்ல சொன்னீங்க. முன்பெஞ்சுல இருந்தேன்லா. என் காதால கேட்டேன்."

"விளையாடாதப்பா."

"யாரு விளையாடுறா? ஊரே சொல்லிச் சிரிக்குது. வேணும்னே சொல்லலியா அப்ப?"

பக்கத்தில் குந்தியிருந்து சாப்பிட்ட துறைமுகத்துக் கங்காணி ஒருவர் கையை உதறிக்கொண்டு எழுந்தார். "சிரிக்கிற காரியமாடா இது? தலாக்க விளையாட்டுக்குச் சொன்னாலும் விழுந்தது விழுந்ததுதான். ஏன் தம்பி, ராத்திரி உங்க வீட்டுல அந்தப் பொண்ணு இருந்துச்சா?"

"இல்ல. அவ ராத்தா வீட்டுல."

"அதுக்குத் தெரிஞ்சிருக்கு. போ, போய் ஆலிம்சாவப் பாரு."

மீன் தலையும் வெண்டைக்காயும் வாழை இலையில் அப்படியே கிடந்தன. அவருக்கு அப்போதுதான் சால்வை முனை ஞாபகம் வந்தது.

ஜெலுத்தோங்கில் ராத்தா வீட்டுக்குப் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ரொஸ்னாவின் அக்கா ஹபீபா பீவி கைம்பெண். ரொட்டி ஜாலா சுட்டு விற்றுப் பிழைக்கிறவள். மாவை ஓட்டைக் குவளையில் ஊற்றி, கல்லின் மேல் வலைபோல் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் கை நிற்கவில்லை. "அங்கேயே இருங்க தம்பி" என்றாள்.

பலகை வீட்டின் மரப்படியில் அவர் உட்கார்ந்தார். கூரைத் தண்ணீர் முதுகில் ஊற்றியது. உள்ளே ஒரு துணித் திரை. அதற்குப் பின்னால் ரொஸ்னா இருக்கிறாள் என்று வளையல் சத்தம் சொன்னது.

"நனையிறேன், மைனி."

"எனக்குத் தெரியாதா? நேத்து வரைக்கும் இந்த வீட்டு மாப்ள. சட்டியத் தெறந்து நீங்களே அள்ளித் தின்னிருக்கீங்க. இன்னைக்கு உள்ள விடலாமா கூடாதான்னு எனக்குத் தெரியலையே தம்பி. என் தலைல இப்படி ஒரு சூசாவ, தொல்லையக் கொண்டாந்து வச்சீங்களே."

"வாய் தவறிப்போச்சு மைனி. சத்தியமா எனக்கு ஞாபகமே இல்ல."

"ஏண்டி, கேட்டியா? ஞாபகம் இல்லையாம்."

ஹபீபா பீவி ஜாலாவைக் கல்லிலிருந்து எடுத்து மடித்தாள்.

"ரொஸ்னா" என்றார் அவர். பெயரைச் சொன்னதும் தானே ஒரு தடவை வாயைப் பொத்திக்கொண்டார். "ஆட்டத்துல ஆயிரம் பேசுறோம். ஜின்னுக்காரன் தினம் ஒரு ராஜாவ வெட்டுறான், அவனத் தூக்குல போடுறாங்களா? நீயே சொல்லு."

"ஆலிம்சாகிட்டப் போவோம்" என்றது திரை. "அவரு சொல்லட்டும்."

"போலாம். இப்பவே போலாம். வா."

"நீங்க முன்னால போங்க. நாங்க பின்னால ரிக்‌ஷால வர்றோம்."

பத்து வருஷத்தில் அவர்கள் தனித்தனியாக ஓரிடத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை. ஹபீபா பீவி மனம் கேட்காமல் ஒரு ரொட்டி ஜாலாவை மடித்து அவர் கையில் வைத்தாள். "தின்னுட்டுப் போங்க. ஒண்ணும் ஆகாது, அல்லா இருக்கான்" என்றாள். மழையில் அது கையிலேயே கரைந்துபோனது.

அப்துல் ஹமீது ஆலிம்சா நல்ல மனுஷர். தலாக் என்று யாராவது படியேறினால் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. எப்படியாவது முடிச்சை அவிழாமல் காப்பாற்றப் பார்க்கிறவர். பெண்கள் இருவரையும் உள்ளறையில் திரைக்குப் பின்னால் இருக்கச் சொல்லிவிட்டு, மீரா சாகிபைப் பாயில் உட்காரவைத்தார்.

"மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். நீங்க நாடகம் ஆடுறதையே நான் சரின்னு சொல்லல. அது வேற பேச்சு, இன்னொரு நாளைக்கு வச்சுக்குவோம். இப்ப இத மட்டும் கேளுங்க. ஒரு கதைய எடுத்துச் சொல்றவன், கதைல வர்றவன் தலாக் விட்டான்னு சொன்னா, அது சொன்னவன் பொஞ்சாதி மேல விழாது. வெளங்குதா?"

"வெளங்குது ஆலிம்சா!"

"பொறுங்க. ஆனா நீங்க உங்க வீட்டுப் பொண்ணு பேரச் சொல்லியிருக்கீங்க. அது ஆட்டத்து வேகத்துல நாக்குப் பிசகினதுன்னா ஒரு மாதிரி. உங்க பொஞ்சாதியையே நெனச்சு, அவளப் பாத்துச் சொன்னதுன்னா வேற மாதிரி. அப்ப விளையாட்டுன்னும் பேச முடியாது, கோவம்னும் பேச முடியாது. மூணும் விழுந்துடும். அந்த நேரத்துல உங்க கல்புல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. ஊருக்கும் தெரியாது. உங்களுக்கும் அல்லாவுக்கும்தான் தெரியும். அவனுக்குப் பொதுவாச் சொல்லுங்க. யாரப் பாத்துச் சொன்னீங்க?"

உள்ளறையில் வளையல் சத்தம் நின்றுபோனது.

மீரா சாகிப் ஆலிம்சாவின் முகத்தைப் பார்த்தார். கண் கலங்கியது. குரல் தழுதழுத்தது. முன்பல் தெரிந்ததற்கு அங்கே யாரும் சிரிக்கவில்லை. "வல்லாஹி, ஜொஹாராவ நெனச்சுத்தான் சொன்னேன் ஆலிம்சா. பத்து வருஷம் வாயில வந்து பழகின பேரு, நாக்கு பிசகிடுச்சு" என்று சத்தியம் செய்தார். யூசுப்பால் ஏழு ஜென்மத்துக்கும் அப்படி நடிக்க முடியாது.

ஆலிம்சா நிம்மதியாக மூச்சுவிட்டார். "அல்ஹம்துலில்லாஹ். அப்ப நிக்காஹ் நிக்காஹ்தான். கூட்டிக்கிட்டுப் போங்க. இனிமே அந்த ஆட்டம் ஆடாதீங்க" என்றார். ஹபீபா பீவி உள்ளே ஓவென்று அழுதாள், சந்தோஷத்தில்.

வெளியே மழை விட்டிருந்தது. ஹபீபா பீவியை ரிக்‌ஷாவில் அனுப்பிவிட்டு இருவரும் கம்போங் கோலாமை நோக்கி நடந்தார்கள். மீரா சாகிபுக்குக் கால் தரையில் பாவவில்லை. வழியில் தெரிந்த கடைக்காரனுக்கெல்லாம் சலாம் சொன்னார். பாசாரில் இறால் வாங்கலாம், நீ உட்கார்ந்திரு, நானே சமைக்கிறேன் என்றார். மாடிப்படி அடிக்கு வந்ததும் ரொஸ்னா நின்றுவிட்டாள்.

"ஏன், ஏறு."

"மச்சான், ஜொஹாராவுக்கு ஏது கஞ்சி?"

அவருக்கு முதலில் விளங்கவில்லை.

"எத்தன தடவ அந்த ஆட்டம் ஆடியிருக்கோம். கதைல கஞ்சி கெடயாது. இஞ்சி கெடயாது. மீனுமில்ல, முள்ளுமில்ல. அத்தனையும் நம்ம அடுப்படி. ஜொஹாராவப் பாத்துச் சொன்னேன்னீங்களே, அவ எந்த அடுப்புல கஞ்சி காச்சினா?"

"அது வாயில வந்தது..."

"என் கண்ணப் பாத்துத்தானே வந்துச்சு? நான் எதிர்ல நின்னேன். ஆலிம்சாவுக்கு உங்க வாய்தான் தெரியும். எனக்கு உங்க கண்ணு தெரியும். நானும் ஜொஹாராவா நிக்கலையே. 'அவருக்குக் காய்ச்சல்'னு நான்ல சொன்னேன். ரெண்டு பேருமே கதைய விட்டு எறங்கிட்டோம்."

"அவருதான் சேந்து வாழுங்கன்னு சொல்லிட்டாரே! சட்டமே விட்டுடுச்சு, உனக்கு என்ன?"

"நீங்க சொன்னத வச்சுச் சொன்னாரு." அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். "எனக்கும் மேல வரணும்னுதான் இருக்கு. அந்தப் பாசிமணி அப்படியே கெடக்கு, நூல் கோத்துக் குடுக்க ஆளில்லாம எனக்குக் கை ஓடாது. ஆனா ஏறி வந்தேன்னா, ஒவ்வொரு நாளும் ஹராமுல இருக்கோம்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். ரெண்டு பேரும் தெரியாத மாதிரி நடிக்கணும். வீட்டுலயும் நடிக்கிறதா, மச்சான்? அல்லா மேல ஆணையா ஒரே ஒரு தடவ எங்கிட்டச் சொல்லுங்க. யாரப் பாத்தீங்க?"

தெருவில் தள்ளுவண்டிக்காரன் ஒருவன் கூவிக்கொண்டு போனான். அவன் தெருமுனை திரும்புகிறவரை மீரா சாகிப் அவனையே பார்த்தார்.

"உன்னத்தான்" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். நேற்றுவரை தன் முன்னால் அவள் அப்படி மூடியதில்லை. அதைப் பார்த்ததும் அவர் அங்கேயே உட்கார்ந்து குழந்தைபோல் அழுதார்.

மறுநாள் அவரே போய் ஆலிம்சாவிடம் உண்மையைச் சொன்னார்.  "நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் ஆலிம்சா. பிறகு, "இன்னைக்கும் சொல்லாமலே இருந்திருக்கலாமேன்னு நெனைக்கிறேன், அல்லா என்ன மன்னிக்கட்டும்" என்றார்.

சீனி முகம்மதுவுக்கு இதெல்லாம் ஒரு பெரிய காரியமாகவே படவில்லை. "நம்ம நாடகத்துலயே வழி இருக்கேலா! யூசுப் ஒரு நாளைக்குக் கட்டட்டும். மறுநாள் விடட்டும். நல்ல பையன், சொன்னா கேப்பான். என்ன மீரா?"

என்னத்தைச் சொல்ல, மீரா சாகிப் அதற்கும் தயாராகத்தான் இருந்தார். யூசுப்பின் காலைப் பிடிக்கவும் தயார். ஆனால் ஆலிம்சா, பேசி வைத்துக்கொண்டு கட்டுவதும் விடுவதும் சாபத்துக்குரிய காரியம், அதற்குத் தன் வாசலில் இடமில்லை என்று சொல்லிவிட்டார். யூசுப்போ காய்ச்சலிலிருந்து எழுந்து வந்து, ஒரு நாளைக்கெல்லாம் கட்ட முடியாது, ரொஸ்னாவுக்குச் சம்மதம் என்றால் இத்தா என்கிற மூன்று மாதக் காத்திருப்பு முடிந்ததும் முறையாகக் கட்டிக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றுகிறேன் என்று ஹபீபா பீவியிடம் ஆள் விட்டான். நல்ல எண்ணத்தில்தான் விட்டான். ரொஸ்னா என்ன சொன்னாள் என்பதை ஹபீபா பீவிதான் மரப்படியில் உட்கார்ந்திருந்த மீரா சாகிபிடம் வந்து சொன்னாள்.

"மாட்டேன்னுட்டா தம்பி. 'அன்னைக்கு நான் காச்சினது வெறும் கஞ்சிதான் ராத்தா. இப்ப நான் சரின்னு சொன்னா, அவரு மேடைல கத்தினது நெசமாப் போயிடும்'ங்கிறா. வேற யாரையும் பாப்போம்னாலும் காதுல வாங்க மாட்டேங்கிறா. நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க."

"ஒண்ணும் பண்ண வேணாம் மைனி. அவ சொல்றது சரிதான்" என்றார் அவர். சரிதான் என்பதுதான் அவரை அடித்துப்போட்டது. அவள் அநியாயம் பேசியிருந்தால் சண்டையாவது போடலாம்.

இத்தா முடிந்து ரொஸ்னா கம்பெனிக்குத் திரும்பினாள். வேறு பிழைப்புத் தெரியாதே. வந்தவள் ஆட்களோடு வழக்கம்போல் பேசினாள். மீரா சாகிப் வந்தால் மட்டும் முக்காட்டை இழுத்துக்கொண்டு விலகிப் போனாள். கோபமில்லை, அன்னிய ஆணுக்குச் செய்ய வேண்டிய மரியாதை அது. ஜனங்கள் ஜொஹாரா, ஜொஹாரா என்று ஒரே கூச்சல். விஷயம் ஊரெல்லாம் பரவி, புக்கிட் மெர்தாஜாமிலிருந்து படகேறி வந்து கேட்டார்கள். ஆலிம்சா ஆடாதே என்றது மீரா சாகிபுக்கு ஞாபகம் இருந்தது. சீனி முகம்மது கேட்டபோது மாட்டேன் என்றுதான் வாயெடுத்தார். பிறகு ஒன்று தோன்றியது. அவளிடம் இனி அவர் பேசலாம் என்றால், அவள் முகத்தை மூடாமல் நின்று கேட்பாள் என்றால், அது மேடையில் மட்டும்தான். சரி என்றார்.

ஜமால் வேஷம் யூசுப்புக்கு. மீரா சாகிப் பழையபடி ஹித்தாம். மூக்கில் கரி.

அன்றைக்குக் கொட்டகையில் காலூன்ற இடமில்லை. யூசுப் நிலாவைச் சொன்னான், மல்லிகையைச் சொன்னான், பாட்டாகத் தலாக் சொன்னான். ஹித்தாமுக்கும் ஜொஹாராவுக்கும் கல்யாணம் நடந்தது. விடமாட்டேன் என்று ஹித்தாம் தூணைக் கட்டிக்கொண்டு கதறியபோது காலரியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கண்ணீரோடு கரி கரைந்து வாயில் ஒழுகியதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். கடைசியில் அவன் மனமிரங்குகிற இடம் வந்தது. அவள் எதிரே நின்றாள், முக்காடு இல்லாமல், விளக்கு வெளிச்சத்தில்.

அவர் அவளைப் பார்த்தார். இந்தத் தடவையும் அவளைத்தான் பார்த்தார்.

"போ, ரொஸ்னா. உன்னை முத்தலாக் விட்டேன்."

கொட்டகை இடிந்து விழுகிறதுபோல் சிரித்தது. திரை ஓரத்தில் சீனி முகம்மது தலையில் கைவைத்தார். ஆனால் ஒன்றும் ஆகவில்லை. ஆவதற்கு என்ன இருக்கிறது? அவள் இப்போது அன்னியப் பெண். அன்னியப் பெண்ணின் பெயரைச் சொல்லி ஆயிரம் தலாக் விட்டாலும் எதன் மேலும் விழாது. அவர் இனி எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்.

 ரொஸ்னா, ஜொஹாரா சொல்ல வேண்டியதைச் சொன்னாள். "அல்லாஹ் உமக்கு நல்லது செய்யட்டும், ஹித்தாம்" என்று சொல்லிவிட்டு யூசுப்பின் பக்கம் போய் நின்றாள். வாத்தியக்காரர்கள் கல்யாணப் பாட்டை எடுத்தார்கள். சமையல்காரியாக வேஷம் போட்டவள் வந்து மீரா சாகிபின் கழுத்தில் காகித மாலையைப் போட்டாள். அவர் முன்பல்லைக் காட்டி இளித்துக்கொண்டு, மூன்றாவது ஜோடியாக ஓரத்தில் போய் நின்றார்.